வரி வாங்கியவர் ஒருவர், நாணயம் அடித்தவர் இன்னொருவர்
யாழ்ப்பாணச் சந்தையின் வரலாறு எழுப்பும் சில கேள்விகள்

பணம் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பாடசாலையில் நாம் எல்லோரும் படித்த விடை ஒன்றுதான். ஆதியில் மனிதன் பண்டமாற்றுச் செய்தான். அது சிரமமாக இருந்தபடியால் எல்லோரும் விரும்பி ஏற்கும் ஒரு பண்டத்தை, பொன்னையோ வெள்ளியையோ, இடைப்பொருளாக்கிக் கொண்டான். அரசு பின்னாளில் வந்து அதில் முத்திரை குத்தியது. ஒஸ்திரியப் பொருளியலாளர் கார்ல் மெங்கர் 1892இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இக்கதைக்குத் தர்க்க வடிவம் கொடுத்தார். சந்தை முதலில், அரசு பிறகு என்பதே இதன் சாரம். சுதந்திரச் சந்தையைப் போற்றுவோருக்கு இன்றுவரை இதுவே அடிப்படை.

இதற்கு நேர்மாறான கருத்தும் நூறாண்டுக்கு மேலாக இருந்து வருகிறது. ஜேர்மனியரான கியோர்க் பிரெட்ரிக் நாப் 1905இல் வெளியிட்ட நூலில், பணம் சட்டத்தின் படைப்பு என்று வாதிட்டார். அரசு தன் கருவூலத்தில் எதை ஏற்றுக்கொள்கிறதோ அதுவே பணம் என்பது அவர் முடிவு. பிரித்தானிய இராஜதந்திரியான அல்பிரட் மிச்செல் இன்னஸ் 1913இலும் 1914இலும் எழுதிய இரு கட்டுரைகளில் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பணம் ஒரு பண்டமே அன்று, அது ஒருவர் மற்றவருக்குப் பட்டிருக்கும் கடன் என்றார் அவர். பொருளியல் உலகம் இவர்களை நெடுங்காலம் மறந்திருந்தது. 1990களில் அமெரிக்கரான வொரன் மொஸ்லரும் பேராசிரியர் ரண்டல் ரேயும் இவர்களை மீண்டும் கையிலெடுத்தார்கள். அதுவே இன்று நவீன நாணயக் கோட்பாடு என்று பேசப்படுகிறது.

மொஸ்லர் சொல்லும் உதாரணம் எளிமையானது. ஒரு தந்தை வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளுக்குத் தன் பெயர் அட்டைகளைக் கூலியாகத் தருகிறார். அவர்கள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மாதம் இத்தனை அட்டை கட்டாவிட்டால் வீட்டில் இருக்க முடியாது என்று அவர் சொன்னவுடன் பிள்ளைகள் அட்டைக்காக வேலை தேடி ஓடுகிறார்கள். வெறும் காகிதத்தைப் பணமாக்கியது வரிதான் என்பது இதன் பொருள்.

இக்கோட்பாடுகளைப் பேசுவோர் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்தும் குடியேற்றகால ஆபிரிக்காவிலிருந்தும் சான்று காட்டுவார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டை எவரும் காட்டியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கோட்பாடுகள் ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல் அங்கே இருக்கிறது. அந்த உரைகல்லில் நமது சமூகத்தின் இரத்தமும் கண்ணீரும் படிந்திருப்பதால் இக்கேள்வி நமக்கு வெறும் ஏட்டுக்கல்வி ஆகாது.

சேது நாணயமும் ஊழிய வரியும்

யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் தமது காசுகளில் நந்தியைப் பொறித்து, கீழே ‘சேது’ என்று தமிழில் எழுதினார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா சந்தித்தது இம்மரபைச் சேர்ந்த மன்னனைத்தான். அம்மன்னன் பாரசீக மொழி அறிந்திருந்ததையும் முத்துக்களைக் காட்டி உரையாடியதையும் அவர் எழுதியிருக்கிறார். கடல் வாணிபம் நடந்த ஒரு சிறிய அரசு தன் பெயரைக் காசில் பொறித்தது என்பது நாப் சொன்னதற்கு ஏற்ற செய்திதான். ஆனால் அந்தக் காசின் பின்னால் இருந்தது அரண்மனை மட்டுமன்று. முத்தையும் யானையையும் கடல் கடந்து கொண்டுபோன வணிகர்களும், அவர்களுள் முஸ்லிம்களும், அதன் பின்னால் இருந்தார்கள். யானையிறவு என்ற ஊர்ப்பெயரே அந்த வாணிபப் பாதையை இன்றும் நினைவூட்டிக் கொண்டிருக்கிறது.

வரிதான் பணத்தை ஓடச் செய்கிறது என்ற கருத்துக்கு ஒல்லாந்தர் காலம் இன்னும் தெளிவான சான்று தருகிறது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனி தோம்பு எழுதி நிலவரியும் தலைவரியும் அறவிட்டது. சோனகரையும் செட்டிகளையும் அந்நியர் என வகுத்து அவர்கள்மீது ‘ஊழியம்’ என்ற கூலியில்லா வேலையைச் சுமத்தியது. ஊழியம் செய்ய விரும்பாதவர் பணம் கட்டி விடுபடலாம். மொஸ்லரின் பெயர் அட்டைக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பனியின் காசு ஒரு சோனகருக்கு ஏன் தேவைப்பட்டது? தன் உடலைக் கட்டாய வேலையிலிருந்து மீட்பதற்கு. கதையில் தந்தையாக வருபவர் வரலாற்றில் பீரங்கியோடு வந்தார் என்பதுதான் வித்தியாசம். கோட்பாடு இங்கே உண்மையாகிறது. ஆனால் அந்த உண்மையில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பிரித்தானியரும் இந்த வழியில் வந்தவர்களே. ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1800இல் நகை அணிவதற்கு வரி விதித்தார். மக்களின் சேமிப்பு எங்கே இருக்கிறது என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தார். வயலில் விளைவதைவிடக் கழுத்தில் கிடப்பதை எண்ணுவது எளிது. இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 190 ஆண்டுகளின் பின் இன்னொரு ஆட்சியும் அதே இடத்தில்தான் கை வைத்தது.

இரண்டு அரசுகள், ஒரே ரூபா

1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்தபின் குடாநாட்டின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சிக்குள் வந்தது. கொழும்பு அரசு பொருளாதாரத் தடை விதித்தது. எரிபொருள், பற்றரி, பசளை, சீமெந்து, சவர்க்காரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மக்கள் கண்டுபிடித்த மாற்றுவழிகள் இன்று கதைபோலத் தோன்றும். சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரியிட்டு விளக்கேற்றினார்கள். பனம்பழத்தால் துணி துவைத்தார்கள்.

சுதந்திரச் சந்தைக் கோட்பாட்டாளர் ஒருவர் இதைக் கண்டால் மகிழ்ச்சியடைவார். விலை ஏறினால் பொருள் எப்படியும் வந்து சேரும் என்பது அவர் வாதம். பொருள் வந்தது உண்மைதான். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வந்தது. அங்கே கடற்படையின் தாக்குதலில் பயணிகள் உயிரிழந்தார்கள். 1993 ஜனவரியில் நடந்த கொலைகளை யாழ்ப்பாண மக்கள் மறக்கமாட்டார்கள். கரை சேர்ந்த பொருளுக்குப் புலிகளின் வரி காத்திருந்தது. வெளியே போவதற்கும் அவர்களது ‘பாஸ்’ வேண்டும். ஆக, ஒரு சவர்க்காரத்தின் விலையில் தென்பகுதிச் சோதனைச் சாவடியும் படகோட்டியின் உயிராபத்தும் இயக்கத்தின் வரியும் சேர்ந்திருந்தன. அதைச் சந்தை விலை என்று அழைக்கலாம். சுதந்திரச் சந்தையின் விலை என்று அழைக்க முடியாது.

இங்கேதான் நாணயம் பற்றிய புதிர் வருகிறது. புலிகளுக்கு நீதிமன்றமும் காவல்துறையும் வரித்துறையும் இருந்தன. 1994 மே மாதத்தில் தமிழீழ வைப்பகம் என்ற வங்கியையும் திறந்தார்கள். ஆனால் தமக்கென நாணயத்தைப் புழக்கத்தில் விடவில்லை. வரியாக வாங்கியதும் வைப்பாக ஏற்றதும் இலங்கை மத்திய வங்கி அச்சிட்ட ரூபாவைத்தான். மறுபுறம் கொழும்பு அரசு குடாநாட்டில் வரி வாங்க முடியாத நிலையிலும், கச்சேரி வழியாக அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அனுப்பிக்கொண்டிருந்தது. நோட்டை அச்சிட்டவன் வரி வாங்கவில்லை. வரி வாங்கியவன் நோட்டை அச்சிடவில்லை. இருவரும் ஒருவரோடொருவர் போர் செய்துகொண்டிருந்தார்கள்.

நாப் இதற்கு என்ன சொல்வார்? அரசின் கருவூலம் ஏற்பதே பணம் என்றால், ரூபாவை ஏற்ற கருவூலம் புலிகளுடையது. அப்படியானால் பகையாளியின் நாணயத்துக்கு அந்த மண்ணில் உயிர் கொடுத்தவர்களுள் புலிகளும் அடங்குவர் என்றாகிறது. மெங்கர் என்ன சொல்வார்? வெங்காயமும் புகையிலையும் மீனும் விற்கத் தென்பகுதி வேண்டும். மருந்தும் மாவும் வாங்கவும் தென்பகுதி வேண்டும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணமும் ரூபாவாகவே கைக்கு வரும். ஆகவே மக்கள் ரூபாவை விடவில்லை என்பார். இரண்டிலும் பாதி உண்மை உண்டு. வரி ஒரு நாணயத்தைத் தேட வைக்கும். ஆனால் அந்த நாணயத்தால் வாங்கக்கூடிய பொருள் எங்கே இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இயக்கம் தன் நோட்டை அச்சிட்டு வரியைக் கட்டச் சொல்லியிருக்கலாம். அந்த நோட்டால் வவுனியாவில் ஒரு மூட்டை மா வாங்கியிருக்க முடியாது.

அதே காலத்தில் ஈராக்கின் வடபகுதியில் இதைப் போன்ற ஒன்று நடந்தது. பக்தாத் அரசு புதிய நோட்டுகளை அச்சிட்டுப் பழையவற்றைச் செல்லாதென அறிவித்தபோது குர்திஷ் மக்கள் பழைய ‘சுவிஸ்’ தினாரையே வைத்துக்கொண்டார்கள். அதற்குப் பொறுப்பேற்க எந்த அரசும் இல்லை. புதிதாக அச்சிடவும் ஆளில்லை. ஆனாலும் 2003, 2004இல் நாணயம் மாற்றப்பட்டபோது ஒரு பழைய தினாருக்கு 150 புதிய தினார் கிடைத்தது. சோமாலியாவில் 1991இல் அரசு வீழ்ந்த பின்னும் ஷில்லிங் புழங்கியது. இவை நாப்பின் கோட்பாட்டுக்கு எளிதில் அடங்காத சான்றுகள். பணத்துக்கு அரசு மட்டும் காவல் அன்று. மக்கள் ஒருவரை ஒருவர் நம்புவதும், எதிர்காலத்தைப் பற்றி அவர்கள் கொண்டிருக்கும் எதிர்பார்ப்பும் காவல்தான். இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் பணத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். கண்ணாடிக்குத் தனக்கென நிறமில்லை, எல்லா நிறத்தையும் காட்டும். யாழ்ப்பாணத்து ரூபா காட்டியது ஒரு பிளவுண்ட நாட்டின் முகத்தை.

இப்னு கல்தூன் சொன்னது

வரி பற்றிய ‘புதிய’ கோட்பாடுகளுள் ஒன்று, வீதத்தைக் குறைத்தால் வருமானம் கூடும் என்பது. 1981இல் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் இதற்கு இப்னு கல்தூனைத் துணைக்கழைத்தார். 1377இல் எழுதப்பட்ட முகத்திமாவில், ஓர் ஆட்சியின் தொடக்கத்தில் குறைந்த வீதத்தில் நிறைந்த வரியும் அதன் இறுதியில் கூடிய வீதத்தில் குறைந்த வரியும் கிடைக்கும் என்ற கருத்து இருப்பது உண்மைதான். ஆனால் அவரை மேற்கோள் காட்டுவோர் அந்த ஓர் இடத்தோடு நூலை மூடிவிடுகிறார்கள்.

அதே நூலில் இன்னும் இரண்டு செய்திகள் உள்ளன. ஆட்சியாளன் தானே வணிகனாகக் கடை விரித்தால் குடிமக்களின் தொழில் அழியும், வரி வருமானமும் இறுதியில் அழியும் என்பது ஒன்று. அநீதி, அதாவது ளுல்ம், நாகரிகத்தையே பாழாக்கும் என்பது மற்றது. அவர் ளுல்ம் என்பதைப் பிறர் உடைமையைப் பறிப்பதோடு நிறுத்தவில்லை. உரிமையில்லாத வரியும் கூலியில்லாக் கட்டாய வேலையும் அதில் அடங்கும். ஒல்லாந்தரின் ஊழியத்தை அவர் கண்டதில்லை. ஆனால் அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போனார்.

புலிகளின் ஆட்சி வரி வாங்கியது, கடையும் நடத்தியது. 1990களின் தொடக்கத்தில் குடும்பத்துக்கு இரண்டு பவுண் தங்கம் கேட்டது. கடன் என்றுதான் அதற்குப் பெயர். திருப்பித் தருவதாகச் சொல்லிப் பற்றுச்சீட்டும் கொடுத்தார்கள். தாலிக்கொடியிலிருந்தும் பிள்ளையின் சங்கிலியிலிருந்தும் அந்தத் தங்கம் போனது. எல்லோருக்கும் அது திரும்பி வரவில்லை.

அழிக்கப்பட்ட கொப்பி

இனி, இந்தக் கோட்பாடுகள் எதுவும் தொடாத ஒரு விடயத்துக்கு வருவோம்.

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் சோனகத்தெருப் பகுதி மக்கள் அழைக்கப்பட்டு, இரண்டு மணித்தியாலத்துள் வெளியேறும்படி பணிக்கப்பட்டார்கள். கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட பணம் குடும்பத்துக்கு 500 ரூபா என்பதே பெரும்பாலான பதிவுகளில் உள்ளது. காதிலும் கழுத்திலும் கிடந்தவை சாவடிகளில் கழற்றப்பட்டன. வடக்கு முழுவதிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். விட்டுச்சென்ற வீடுகளின் தளபாடங்களும் கடைகளின் சரக்கும் பின்னர் இயக்கம் நடத்திய கடைகளிலேயே விலைப்பட்டன.

யாழ்ப்பாண முஸ்லிம்களுள் பலர் வணிகரும் தொழிலாளருமாவர். இரும்புக் கடை, புடைவைக் கடை, தையற்கடை, இறைச்சிக் கடை, லொறிப் போக்குவரத்து என அவர்கள் தொழில்கள் விரிந்திருந்தன. ஒவ்வொரு கடையிலும் ஒரு கடன் கொப்பி இருந்தது. புகையிலை விற்றதும் தருவதாகச் சொன்ன கமக்காரர், சம்பளம் எடுத்ததும் தருவதாகச் சொன்ன ஆசிரியர், கலியாண வீட்டுக்குத் துணி எடுத்தவர் எனப் பல பெயர்கள் அதில் இருந்தன. முஸ்லிம் வணிகரும் தமிழ் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது இருந்தது.

பணம் என்பது கடன் என்று இன்னஸ் சொன்னதை ஏற்றுக்கொண்டால், அந்தக் கொப்பிகளும் பணமே. மத்திய வங்கி அச்சிடாத பணம். அயலவர் ஒருவரை ஒருவர் நம்பிப் படைத்த பணம். அது செல்லுபடியாக வேண்டுமானால் கொடுத்தவர் நாளைக்கும் அந்தக் கடை வாசலில் நின்று கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். ஒக்டோபர் 30 அந்த ஒரு நிபந்தனையை இல்லாமற் செய்தது. பறிபோன தங்கத்தையும் வீட்டையும் எண்ணிக் கணக்கிடலாம். அறுந்துபோன பற்றுவரவை எவரும் கணக்கிடவில்லை.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் புலிகளின் பணிப்பில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தார்கள். அவர்களது கொப்பிகளும் அன்று அறுந்தன. தங்கக் கடனுக்குக் கொடுத்த பற்றுச்சீட்டு இன்னும் சில வீட்டு அலுமாரிகளில் இருக்கக்கூடும். கடன்பட்ட இயக்கம் 2009 மே மாதத்தோடு இல்லாமற் போயிற்று. முஸ்லிமின் கொப்பியில் கடன் கொடுத்தவர் துரத்தப்பட்டார். தமிழ்த் தாயின் பற்றுச்சீட்டில் கடன் வாங்கியவர் மறைந்துவிட்டார். இரண்டு காகிதமும் ஒரே அலுமாரிக்குரியவை.

மெங்கரின் சந்தையில் வாங்குபவரும் விற்பவரும் எப்போதும் இருக்கிறார்கள். யாரைச் சந்தைக்குள் விடுவது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நாப்பின் அரசு வரி வாங்குகிறது. அது தன் குடிமக்களில் ஒரு பகுதியை இரண்டு மணித்தியாலத்துள் குடிமக்கள் அல்லாதாராக்கினால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. இப்னு கல்தூன் மட்டுமே அநீதியைப் பொருளியலின் உள்ளே வைத்துப் பேசினார். உடைமைக்குப் பாதுகாப்பில்லாதபோது உழைக்கும் ஊக்கம் போய்விடும், ஊர் பாழாகும் என்றார். 1990க்குப் பிந்திய சோனகத்தெருவின் இடிந்த சுவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறில்லை.

பின்வந்த கணக்குகள்

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அம்மாதமே கிளிநொச்சியில் புலிகளின் தலைமைக்கும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமுக்கும் சந்திப்பு நடந்தது. வடபுல முஸ்லிம்கள் திரும்பி வரும் உரிமை ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் பாதையோடு வரிச் சாவடியும் திறந்திருந்தது. யாழ்ப்பாணம் செல்லும் சரக்குக்கு வரி கட்டியே போக வேண்டும். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது.

கொழும்பும் தன் பங்குக்குக் கோட்பாடுகளைப் பரீட்சித்தது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் மத்திய வங்கி பெருமளவு பணம் அச்சிட்டது. சொந்த நாணயத்தில் உள்ள கடன் பெரிய சிக்கலன்று என்ற வாதமும் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2021இல் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்துக்கும் கீழே போயிற்று. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தென்பகுதி மக்கள் வரிசையில் நின்றபோது, அந்த வரிசை யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. ரூபாவை எவ்வளவும் அச்சிடலாம். அந்த ரூபாவுக்கு விற்கப்படாத பொருளை அதனால் வாங்க முடியாது. குடாநாடு இந்தப் பாடத்தைத் தடைக் காலத்திலேயே படித்துவிட்டது.

2016இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், போர்க்காலத்தில் ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தோர் தம் நிலத்தையும் வீட்டையும் கோருவதற்கு வரையறுக்கப்பட்ட காலத்துக்கு வழி திறந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அது அசையா உடைமையோடு நின்றுவிட்டது. சரக்குக்கும் கடன் கொப்பிக்கும் அதில் இடமில்லை. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் குறித்து அமைந்த பிரஜைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை மக்களின் வாய்மொழியைப் பெருமளவு பதிவு செய்தது. வணிகத்தின் கணக்கைத் தனியே எடுத்து எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.

புத்தளத்திலும் நீர்கொழும்பிலும் கொழும்பிலும் வாழும் யாழ்ப்பாணத்து மூத்த வணிகர்களிடம் இன்று கேட்டால், யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது என்பதைப் பெயரோடு சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் அந்தப் பணத்தை இனி வசூலிக்கப் போவதில்லை. எங்கள் இளம் ஆய்வாளர்கள் போய் உட்கார்ந்து, எந்தத் தெருவில் எந்தக் கடை, என்ன சரக்கு, யாரிடம் கொள்வனவு, யாருக்குக் கடன் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ள வேண்டும். அதே நோட்டில் சோனகத்தெருக் கடைகளுக்குக் கொடுக்கவேண்டியிருந்த தமிழ் அயலவரின் நினைவும், தங்கம் கொடுத்த வீடுகளின் பற்றுச்சீட்டும் சேர வேண்டும். ஆட்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். ஐம்பது வயதில் வெளியேறியவருக்கு இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டது.